அன்பின் வேதசாட்சி புனித தேவசகாயம்



தாம்பரத்தில் இரவு வண்டியேறி நாகர்கோவில் செல்வோர் நம்மிடையே பலர் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வந்ததும், ஊர் வந்துவிட்டதென்று மூட்டை முடிச்சுகளை எடுத்து வைக்கிறோம். அதன் அருகேயுள்ள காற்றாடி மலையில்தான் 1752 சனவரி 14-ஆம் நாள் ஓர் இல்லறத்தார் விசுவாசத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார் என்பதை எண்ணிப் பார்க்கிறோமா?

அவரே புனித தேவசகாயம். 1712-இல் நட்டாலத்தில், உயர்ந்ததென்று கருதப்பட்ட குலத்தில் பிறந்தார். நீலகண்டன் என்பது இயற்பெயர். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவல் பார்த்தார். 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, பின்னர் மன்னரின் படையிலேயே பணியேற்ற டச்சுக்காரர் டிலனாய் இவருக்கு நண்பரானார். துன்பங்களால் மனம் சோர்ந்திருந்த வேளையில் அவர் வழியாக யோபுவின் வரலாற்றைக் கேட்டறிந்தார். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் சேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்னும் திருப்பெயரே தமிழில் தேவசகாயம் ஆயிற்று. துணைவியார் பார்கவியும் ஞானப்பூ என்னும் பெயரில் திருமறையைத் தழுவினார்.

தாழ்ந்தவரென்று ஒதுக்கப்பட்ட மக்களோடு தேவசகாயம் சரிசமமாகப் பழகினார். அன்றைய சமுதாயம் அதைப் பொறுக்குமோ? பகை மூண்டது. 1749-இல் சிறைப்பிடிக்கப்பட்டார். விசுவாசத்தை மறுதலிக்கச் சொன்னார்கள், அவர் இசையவில்லை. அடித்து, காயங்களில் மிளகாய்ப்பொடி தடவி, எருமை மீதேற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். பெருவிளையில் மரத்தோடு பிணைத்து வைத்தனர். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் இந்தப் பாடுகள் நீடித்தன.

இங்கே நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். அவர் மன்னரைச் சபிக்கவில்லை. பழிவாங்க ஆள் சேர்க்கவில்லை. அதற்காக அநீதியான கட்டளைக்குப் பணிந்துவிடவும் இல்லை. தம்மை அடித்தவர்களுக்காக மன்றாடினார் என்று நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்துள்ளனர். பணிந்து போவதையே அன்பென்று எண்ணுவோரும், பகைத்து நிற்பதையே வீரமென்று எண்ணுவோரும் இவரிடம் பாடம் கற்க வேண்டும்.

கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட இவர், 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளராகவும், 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிசால் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தைத் திருச்சபை நீக்கி, தேவசகாயம் என்றே பீடத்தில் ஏற்றியது.

பல மாவட்டங்களிலிருந்து வந்து இங்கே ஒரே பங்காகக் கூடியிருக்கும் நாம், ஊரையும் சாதியையும் வாசலிலேயே விட்டுவிட்டோமா? வீட்டிலும் அலுவலகத்திலும் அன்பியத்திலும் நமக்கென்று சிறிதளவேனும் அதிகாரம் இருக்கிறது. அதன் கீழ் யாரேனும் கண்ணீர் விடுகிறார்களா? பங்குக் குருவாகிய நம்மையும் சேர்த்தே இதைக் கேட்கிறோம்.

பொங்கலையொட்டி வரும் அவருடைய நினைவு நாளில், நமக்குத் தீங்கு செய்த ஒருவர் பெயரைச் சொல்லிச் செபிப்போம். நம்மால் தீங்கடைந்த ஒருவர் வீட்டுக்கு நேரில் சென்று மன்னிப்பும் கேட்போம். பங்கு முழுவதும் செய்யக்கூடிய நல்ல காணிக்கை அதுவே.