கார்ல் சீக்லர் (1898 – 1973)

மாணவர்களே, கடையில் தரும் இரண்டு பைகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒன்று மெதுமெதுப்பாக இருக்கும், இழுத்தால் நீளும். மற்றது மிக மெல்லியது. தொட்டாலே சரசரக்கும், ஆனால் மூன்று கிலோ மாவைத் தாங்கும். இரண்டும் பொலித்தீன்தான். இரண்டிலும் இருப்பவை காபனும் ஐதரசனும் மட்டுமே. முதலாவது வகை 1930களிலேயே இங்கிலாந்தில் கிடைத்துவிட்டது. இரண்டாவதை உலகுக்குத் தந்தவர்களுள் முக்கியமானவர் ஜேர்மானிய இரசாயனவியலாளர் கார்ல் சீக்லர்.

இவர் 1898 நவம்பர் 26 ஆம் திகதி காசல் நகருக்கு அண்மையிலுள்ள ஹெல்சாவில் பிறந்தார். தந்தையார் ஒரு கிறிஸ்தவ மதபோதகர். பாடசாலைக் காலத்தில் படித்த ஒரு பௌதிகவியல் நூலே இவருக்கு விஞ்ஞானத்தில் ஆசையை உண்டாக்கியது. வீட்டிலேயே பரிசோதனைகள் செய்து பழகினார். மார்பேர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது முதல் ஆண்டுப் பாடங்களைப் படிக்கத் தேவையில்லாத அளவுக்கு அறிவு அவரிடம் இருந்தது. 1920 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் ஹைடல்பேர்க்கில் கற்பித்தார். 1936 இல் ஹாலே பல்கலைக்கழகத்தின் இரசாயன நிறுவகத்துக்குப் பணிப்பாளரானார்.

1943 இல் மூல்ஹைம் நகரிலிருந்த நிலக்கரி ஆராய்ச்சி நிறுவகத்தின் பணிப்பாளர் பதவி அவரைத் தேடி வந்தது. சீக்லர் உடனே ஏற்கவில்லை. நிலக்கரியோடு தொடர்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், காபன் சேர்வைகளில் தாம் விரும்பியதை ஆராயச் சுதந்திரம் வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். அது ஏற்றுக்கொள்ளப்பட்ட பின்பே பொறுப்பெடுத்தார். இந்த நிபந்தனையை மறக்க வேண்டாம். பத்து ஆண்டுகள் கழித்துக் கிடைத்த கண்டுபிடிப்பு இதிலிருந்தே வந்தது.

அக்காலத்தில் பொலித்தீன் செய்வது இலகுவான வேலையன்று. 1933 இல் இங்கிலாந்தின் இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் கம்பனியின் ஆய்வுகூடத்தில் அது தற்செயலாகக் கிடைத்தது. எதிலீன் வாயுவை ஆயிரம் வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அமுக்கத்தில் சூடாக்க வேண்டியிருந்தது. அந்த அமுக்கத்தைத் தாங்கும் தடித்த உருக்குக் கலன்களும் பெரிய அமுக்கிகளும் தேவைப்பட்டன. பொலித்தீனுக்கு அதுவே ஒரே வழி என்று பெரும்பாலானோர் நம்பியிருந்தனர்.

சீக்லர் பொலித்தீனைத் தேடிப் போகவில்லை. அலுமினியம் அடங்கிய சேதனச் சேர்வைகளோடு எதிலீனைத் தாக்கமுறச் செய்து, காபன் சங்கிலி எவ்வளவு நீளத்துக்கு வளரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அவருடைய மாணவர் எர்ஹார்ட் ஹோல்ஸ்காம்ப் செய்த பரிசோதனையில் சங்கிலி வளரவே இல்லை. இரண்டு எதிலீன் மூலக்கூறுகள் சேர்ந்து உண்டாகும் பியூட்டீன் மட்டுமே கிடைத்தது. பரிசோதனை பிழைத்துவிட்டது என்று கலனைக் கழுவி வைத்துவிட்டு மறுபடி தொடங்கியிருக்கலாம். நம்மில் பலர் அப்படித்தான் செய்வோம். ஆனால் சீக்லரின் குழு காரணத்தைத் தேடியது. பல பரிசோதனைகளின் பின் குற்றவாளி அகப்பட்டது. கலனில் மிகச் சிறிதளவு நிக்கல் இருந்தது. அதுவே சங்கிலியின் வளர்ச்சியை இடையில் நிறுத்தியது.

ஓர் உலோகம் வளர்ச்சியை நிறுத்துமானால் வேறு உலோகங்கள் என்ன செய்யும்? இக்கேள்வியோடு ஹைன்ஸ் பிரைல் என்னும் மாணவர் உலோகச் சேர்வைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். 1953 ஒற்றோபரில் சேர்க்கோனியம் சேர்வையைச் சேர்த்தபோது கலன் நிறைய வெண்ணிறத் திண்மம் இருந்தது. அது பொலித்தீன். அடுத்துச் சோதித்த தைத்தேனியம் நாற்குளோரைட்டு இன்னும் வேகமானது. அதைக் கொண்டு ஹைன்ஸ் மார்ட்டின் சாதாரண வளிமண்டல அமுக்கத்தில், கண்ணாடிப் பாத்திரத்திலேயே பொலித்தீனைச் செய்து காட்டினார். 1953 நவம்பரில் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தனர்.

இங்கே பலர் பிழை விடும் இடம் ஒன்று உண்டு. உயர் அமுக்க முறையில் கிடைப்பது அடர்த்தி குறைந்த பொலித்தீன். சீக்லரின் தாழ் அமுக்க முறையில் கிடைப்பதே அடர்த்தி கூடியது. மாற்றி எழுதிவிடாதீர்கள். காரணத்தை விளங்கிக்கொண்டால் பாடமாக்கத் தேவையில்லை. உயர் அமுக்க முறையில் சங்கிலிகள் மரம்போலக் கிளை விடும். கிளையுள்ள தடிகளை நெருக்கமாக அடுக்க முடியாது. சீக்லரின் ஊக்கி கிளையில்லாத நேர்ச்சங்கிலிகளைத் தருகிறது. அவை ஈர்க்குக்கட்டுப்போல நெருங்கி அடுங்கும். அதனால் அடர்த்தியும் வலிமையும் கூடும், கொதிநீரிலும் வடிவம் கெடாது.

ஆனால் பை செய்பவர்களுக்கு இந்த வலிமை புதிய தலையிடியாயிற்று. பொலித்தீன் மணிகளை உருக்கி, வட்டமான ஒடுங்கிய இடைவெளியூடாகப் பிதுக்கி, நடுவே காற்றை ஊதிக் குமிழாக்கியே மெல்லிய தாள் செய்யப்படுகிறது. நீங்கள் இடியப்பம் பிழிந்திருப்பீர்கள். மா இறுகினால் உரல் அசையாது, இளகினால் இழை நிற்காது. இங்கும் அதே கதைதான். நீளமான சங்கிலிகள் தாளுக்கு வலிமை தரும், ஆனால் உருகிய நிலையில் இலகுவில் பாயாது. குறுகிய சங்கிலிகள் நன்றாகப் பாயும், ஆனால் தாள் கிழியும். பழைய பொலித்தீனின் நீண்ட கிளைகள் ஒன்றோடொன்று சிக்கிக் குமிழைத் தாங்கிப் பிடித்தன. நேர்ச்சங்கிலிக்கு அந்த உதவி இல்லை.

இதற்கான தீர்வும் ஊக்கி முறையிலேயே இருந்தது. தாக்கத்தின்போது ஐதரசன் வாயுவைச் சேர்த்தால் சங்கிலி குறுகும், குறைத்தால் நீளும். ஆகவே அடுத்தடுத்து இரண்டு கலன்களை வைத்து, ஒன்றில் மிக நீளமான சங்கிலிகளையும் மற்றதில் குறுகியவற்றையும் உண்டாக்கிக் கலந்தார்கள். குறுகியவை உருகலைப் பாய வைக்கும், நீளமானவை குமிழையும் தாளையும் தாங்கும். சரசரக்கும் அந்த மெல்லிய பை இவ்வாறே சாத்தியமானது.

சீக்லரின் வாழ்வில் கசப்பும் உண்டு. இத்தாலியின் மொண்டெகாட்டினி கம்பனி அவருடன் ஒப்பந்தம் செய்திருந்தது. அதன் ஆலோசகரான மிலான் நகரப் பேராசிரியர் ஜூலியோ நட்டா, சீக்லரின் ஊக்கியைப் பயன்படுத்தி 1954 மார்ச்சில் புரொப்பிலீனிலிருந்து பல்பகுதியம் செய்தார். சீக்லரின் ஆய்வுகூடமும் அதே ஆண்டில் அதைச் செய்தது, ஆனால் நட்டா முந்திவிட்டார். தம்மிடம் சொல்லாமலே நடந்தது என்று சீக்லர் மனம் நொந்தார். நண்பர்களாயிருந்த இருவரிடையே நீண்டகாலம் பேச்சுக் குறைந்தது. 1963 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தே வழங்கப்பட்டது. ஊக்கியும் இன்றுவரை சீக்லர் – நட்டா ஊக்கி என இருவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

ஆக்கவுரிமையால் சீக்லருக்குப் பெருஞ்செல்வம் சேர்ந்தது. 1968 இல் தமது எழுபதாவது பிறந்தநாளையொட்டி, மனைவி மரியாவுடன் சேர்ந்து நிறுவகத்தின் ஆராய்ச்சிக்கென 40 மில்லியன் ஜேர்மன் மார்க் நிதியம் ஒன்றை அமைத்தார். 1969 இல் பணிப்பாளர் பதவியிலிருந்து ஓய்வுபெற்று, 1973 ஓகஸ்டில் மூல்ஹைமில் காலமானார். அவர்கள் சேர்த்து வைத்திருந்த ஓவியங்கள் இப்போது அந்நகரின் கலைக்கூடத்தில் இருக்கின்றன.