இண்டிகேட்டருக்கு ஒரு முன்னோடி: நடிகை ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ்

நம் கேட்டை விட்டு வெளியே வந்ததும் வலப்பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போடுகிறீர்கள். பின்னால் வருபவர் வேகத்தைக் குறைத்து வழி விடுகிறார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் காரியம் நடந்துவிட்டது. இந்த வசதியைப் பற்றி நூறு வருடங்களுக்கு முன்பே யோசித்துச் செய்து பார்த்தவர்களில் ஒருவர், பேசாத படங்களில் நடித்துப் புகழ் பெற்ற ஒரு நடிகை என்பது உங்களுக்குத் தெரியுமா?

அவர் பெயர் ஃப்ளாரன்ஸ் லாரன்ஸ். 1886-ல் கனடாவின் ஹாமில்டன் நகரில் பிறந்தவர். அப்பா குதிரை வண்டிகள் செய்பவர். அம்மா லாட்டா லாரன்ஸ் நாடக நடிகை, சொந்தமாக ஒரு நாடகக் குழுவும் நடத்தினார். சிறு குழந்தையாக இருக்கும்போதே ஃப்ளாரன்ஸ் மேடை ஏறிவிட்டார். வண்டி, நடிப்பு இரண்டுமே அவருக்கு வீட்டிலிருந்து வந்தவை என்று வைத்துக்கொள்ளலாம்.

1908-ல் அமெரிக்காவின் பயோகிராஃப் நிறுவனத்தில் சேர்ந்து, இயக்குநர் டி. டபிள்யூ. கிரிஃபித்தின் படங்களில் நடித்தார். அந்த நிறுவனம் நடிகர்களின் பெயரைத் திரையில் போடாது. பெயர் தெரிந்தால் சம்பளம் கூட்டிக் கேட்பார்கள் என்ற பயம்தான் காரணம் என்பார்கள். ரசிகர்களுக்கு முகம் தெரியும், பெயர் தெரியாது. அதனால் பயோகிராஃப் பெண் என்றே அவரை அழைத்தார்கள்.

பிறகு கார்ல் லேம்லி என்ற தயாரிப்பாளர் அவரைத் தன் நிறுவனத்துக்கு அழைத்துக்கொண்டார். அந்தச் சமயத்தில் ஃப்ளாரன்ஸ் ஒரு டிராம் விபத்தில் இறந்துவிட்டதாக வதந்தி கிளம்பியது. அது பொய், அவர் நலமாக இருக்கிறார், நம் படத்தில் நடிக்கிறார் என்று பெயரோடு பெரிய விளம்பரம் கொடுத்தார் லேம்லி. வதந்தியைக் கிளப்பியதே அவர்தான் என்று சொல்பவர்களும் உண்டு. செயின்ட் லூயிஸ் நகருக்கு ஃப்ளாரன்ஸ் நேரில் வந்தபோது பெரும் கூட்டம் கூடியது. அமெரிக்காவின் முதல் சினிமா நட்சத்திரம் என்று அவரைப் பலரும் குறிப்பிடுவது இதனால்தான்.

கையில் பணம் வந்ததும் அவர் கார் வாங்கினார். பெண்கள் கார் ஓட்டுவதே அபூர்வமாக இருந்த காலம் அது. அன்று திரும்ப வேண்டுமென்றால் கையை வெளியே நீட்டிக் காட்ட வேண்டும். இருட்டிலும் மழையிலும் அந்தக் கை யாருக்கும் சரியாகத் தெரியாது. கையை எடுத்தால் ஸ்டியரிங் பிடியும் தளரும்.

1914 வாக்கில் ஃப்ளாரன்ஸ் இதற்கு ஒரு வழி கண்டார். ஓட்டுபவர் ஒரு பட்டனை அழுத்தினால், காரின் பின்பக்கம் ஒரு சிறு கை போன்ற பலகை உயர்ந்தோ தாழ்ந்தோ, எந்தப் பக்கம் திரும்பப் போகிறார் என்று காட்டும். பிரேக்கை மிதித்தால் நிற்கப் போகிறேன் என்று அறிவிக்கும் பலகை ஒன்று பின்னால் எழும். இன்றைய இண்டிகேட்டருக்கும் பிரேக் லைட்டுக்கும் அடிப்படை எண்ணம் இதுவேதான். அவருக்கு முன்பும் இப்படி முயன்றவர்கள் உண்டு. ஆனால் பின்னால் வருபவருக்கு இரண்டு செய்தியும் போய்ச் சேர வேண்டும் என்று யோசித்ததில் அவருக்கு முக்கிய இடம் உண்டு.

அவர் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. வருமானமும் இல்லை, பெயரும் இல்லை. அவருடைய அம்மா 1917-ல் மின்சாரத்தில் இயங்கும் வைப்பருக்குக் காப்புரிமை பெற்றார். அதிலும் அந்தக் குடும்பத்துக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

அதன்பின் வாழ்க்கை சரிந்தது. ஒரு படப்பிடிப்பில் ஏற்பட்ட தீ விபத்தில் காயமடைந்தார், பழைய இடத்தை மீண்டும் பிடிக்க முடியவில்லை. ஏறக்குறைய 300 படங்களில் நடித்தவர், கடைசி வருடங்களில் சிறு சிறு வேடங்களில் வந்துபோனார். எலும்பு மஜ்ஜை நோயும் சேர்ந்துகொண்டது. 1938 டிசம்பர் 28-ல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். ப்யூக் நிறுவனம் தன் 1939 மாடல் கார்களில் பின்புறம் மின்னி மின்னி எரியும் சிக்னலைப் பொருத்தி விற்க ஆரம்பித்த நேரம் அது. ஹாலிவுட்டில் உள்ள அவருடைய கல்லறையில் 1991 வரை பெயர்ப் பலகைகூடக் கிடையாது.

இவ்வளவையும் உங்களுக்குச் சொல்லக் காரணம் இருக்கிறது. திரும்பப் போவது உங்களுக்குத் தெரியும். பின்னால் வரும் டூவீலர்காரருக்கும், எதிரே நடந்து வரும் தாத்தாவுக்கும், நம் பார்க்கிங்கில் சைக்கிள் ஓட்டும் குழந்தைக்கும் தெரியாது. அவர்களுக்கு முன்கூட்டியே சொல்வதற்குத்தான் இண்டிகேட்டர். எனவே சில வேண்டுகோள்கள்:

- திரும்பிக்கொண்டே போடாதீர்கள். திரும்பும் இடத்துக்குச் சற்று முன்பே போடுங்கள்.
- பேஸ்மென்ட்டிலும், ராம்ப்பிலும், கேட்டிலும்கூடப் போடுங்கள். நம் வளாகம்தானே என்று விட்டுவிட வேண்டாம்.
- டூவீலர் ஓட்டுபவர்கள் திரும்பியதும் அணைக்க மறக்காதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் அது தானாக அணையாது. வலப்பக்கம் மின்னிக்கொண்டே நேராகப் போனால் பின்னால் வருபவர் ஏமாந்துபோவார்.
- நேராகப் போவதற்கு நான்கு லைட்டையும் எரிய விடாதீர்கள். பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு லைட் மட்டுமே தெரியும், நீங்கள் திரும்பப் போவதாக நினைத்துவிடுவார். அது வண்டி பழுதாகி நிற்கும்போது போடுவதற்கு.
- இண்டிகேட்டர் போட்டதாலேயே வழி கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. கண்ணாடியைப் பார்த்து, திரும்பியும் பார்த்து, பிறகு திரும்புங்கள்.

ஃப்ளாரன்ஸ் லாரன்ஸுக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை. அவர் விரும்பிய பாதுகாப்பாவது நம் கேட் வாசலில் கிடைக்கட்டும். அதற்கு ஒரு விரலை அசைத்தால் போதும்.