பட்டம் பிடித்த செய்தி!

குட்டீஸ், பட்டம் விட்டிருப்பீர்கள். அந்தப் பட்டத்தை வைத்தே அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த செய்தியைப் பிடித்தவர் மார்க்கோனி!

இத்தாலியின் பொலோனா நகரில் 1874 ஏப்ரல் 25ல் பிறந்தார். அப்பா பெரிய நிலக்கிழார். அம்மா அயர்லாந்துக்காரர். மார்க்கோனி கல்லூரிப் பட்டம் எதுவும் வாங்கவில்லை. முன்பு பட்டுப்புழு வளர்த்த மாடி அறைதான் அவரது ஆய்வுக்கூடம். வீண் செலவு என்று அப்பா முணுமுணுப்பார், அம்மாதான் துணை.

கம்பி இல்லாமல் தந்தி அனுப்ப வேண்டும். இதுதான் அவர் ஆசை. முதலில் அறைக்குள், பிறகு தோட்டத்தில் சோதித்தார். செய்தி கிடைத்தால் அண்ணன் அல்போன்சோ தூரத்தில் நின்று துணியை ஆட்டுவார். 1895ல் கருவியைக் குன்றுக்கு அந்தப் பக்கம் கொண்டு போனார்கள். அங்கே துணியை ஆட்டினால் யாருக்குத் தெரியும்? அதனால் அண்ணன் துப்பாக்கி எடுத்துப் போனார். மார்க்கோனி சாவியைத் தட்டினார். குன்றின் பின்னாலிருந்து, 'டுமீல்!'

அடுத்த ஆண்டு இங்கிலாந்து போனார். 1899ல் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிச் செய்தி அனுப்பினார். அட்லாண்டிக்கைத் தாண்ட முடியுமா? பூமி உருண்டை, அலைகளோ நேர்கோட்டில் போகும். எனவே முடியாது என்றனர் பல அறிஞர்கள். போதாக்குறைக்கு, 1901ல் இரு கரைகளிலும் அவர் நட்ட உயரமான கம்பங்களைப் புயல் சாய்த்துவிட்டது. செலவழித்த பணம் கொஞ்சநஞ்சமல்ல.

ஆனாலும் அந்த டிசம்பரில் நியூபவுண்ட்லாந்தின் சிக்னல் குன்றில் ஏறினார். வயது 27. இரண்டு உதவியாளர்கள், பலூன்கள், பட்டங்கள். அவ்வளவுதான். கடுங்குளிர், சூறைக்காற்று. பலூன் அறுந்து போனது. ஒரு பட்டமும் பறந்தது. டிசம்பர் 12ல் இன்னொரு பட்டம், சுமார் 150 மீட்டர் கம்பியோடு மேலே நின்றது. பழைய மருத்துவமனைக் கட்டடத்தில் காதுக்கருவியுடன் உட்கார்ந்தார் மார்க்கோனி. பகல் பன்னிரண்டரை மணி. டிக்... டிக்... டிக்! மூன்று புள்ளி என்றால் மோர்ஸில் 'எஸ்' எழுத்து. சுமார் 3,400 கிலோமீட்டருக்கு அப்பால், இங்கிலாந்தின் போல்டு நிலையம் அனுப்பியது!

வெறும் இடிமின்னல் இரைச்சலைக் கேட்டிருப்பார் என்று சிலர் சந்தேகப்பட்டனர். சாட்சி அவரும் உதவியாளரும் மட்டும்தானே! எனவே 1902 பிப்ரவரியில் கப்பலில் போய்க்கொண்டே செய்திகளைக் காகித நாடாவில் பதிவு செய்து காட்டினார். வளைந்த பூமியைத் தாண்ட அலைகளுக்கு உதவியது வானில் உள்ள அயனி மண்டலம். கண்ணாடி போல அது அலைகளைத் திருப்பி அனுப்புகிறது. இது நிரூபணமானது 1924ல்தான். காரணம் தெரியாமலே ஜெயித்தவர் அவர்!

1909ல் பிரவுன் என்ற ஜெர்மானியருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1912ல் டைட்டானிக் மூழ்கியபோது 700க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டதற்கு அவரது கருவி அனுப்பிய அபயக்குரலே காரணம். பிற்காலத்தில் முசோலினியின் கட்சியில் சேர்ந்தது அவர் வாழ்வில் ஒரு கரும்புள்ளி.

குன்றேறி ரேடியோ இயக்கும் பழக்கம் இன்றும் உண்டு. 'ஹாம்' எனும் அமெச்சூர் ரேடியோ ஆர்வலர்கள், சின்னக் கருவி, கம்பி, பேட்டரியை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு மலை உச்சிக்குப் போய்ப் பேசுகிறார்கள். இதற்கென்றே 2002ல் பிரிட்டனில் ஒரு திட்டம் தொடங்கியது.

மார்க்கோனி 1937 ஜூலை 20ல் ரோமில் காலமானார். அவருக்காக வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் ஒலிபரப்பை நிறுத்தி அஞ்சலி செலுத்தின.