தனி மீன் முதலில் சாகும்: யார் இந்த வார்டர் கிளைட் ஆலி?

ஒரு லிட்டர் தண்ணீரில் வெள்ளி கலந்த விஷம். அதில் ஒரே ஒரு தங்கமீன். இன்னொரு பாத்திரத்திலும் அதே அளவு தண்ணீர், அதே விஷம். ஆனால் 10 மீன்கள். எது முதலில் சாகும்? நெரிசலில் மாட்டியவைதானே என்று தோன்றும். 1932-ல் வெளியான ஆய்வு முடிவு நேர்மாறு. தனி மீன்கள் சராசரியாக 3 மணி நேரம் தாங்கின. கூட்டமாக இருந்தவை 8 மணி நேரத்தைத் தாண்டின. மீன்களின் உடல் வழவழப்பு சேர்ந்து வெள்ளியைப் படிய வைத்துவிடுகிறது. ஆளுக்குக் கொஞ்சம்தான் விஷம், அவ்வளவுதான்!

இந்த ஆய்வை நடத்தியவர் சிகாகோ பல்கலைக்கழக விலங்கியலாளர் ஆலி. 1885-ல் அமெரிக்காவின் இண்டியானா மாகாணத்தில், போரை ஏற்காத குவேக்கர் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரை எதிர்த்தார். வலியதே வாழும் என்று டார்வின் பெயரைச் சொல்லியே போரை நியாயப்படுத்திய காலம் அது. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுவதும் இயற்கைதான் என்று காட்ட அவருக்கு ஆதாரம் தேவைப்பட்டது.

1923-ல் மகனை விபத்தில் இழந்தார். 1930-ல் முதுகுத்தண்டுக் கட்டி. பிற்கால வாழ்க்கை சக்கர நாற்காலியில். தங்கமீன் ஆய்வு வெளியானதே கட்டி வந்த பிறகுதான்.

1941 செப்டம்பரில், சிகாகோ பல்கலைக்கழகப் பொன்விழாவில் ஒரு கருத்தரங்கு. ஆலியோடு கறையான் நிபுணர் எமர்சன், நரம்பியலாளர் ஜெரார்ட், குரங்குகளை ஆராய்ந்த கார்ப்பென்டர், மானுடவியலாளர் குரோபர், சமூகவியலாளர் ராபர்ட் பார்க் எல்லாரும் பங்கேற்றனர். செல்கள் உடலாவதும் எறும்புகள் புற்றாவதும் மனிதர்கள் சமூகமாவதும் ஒரே வகை விஷயமா? ரொம்ப ஆபத்தான கேள்வியும்கூட. சமூகம் ஓர் உடல் என்றால் தனிமனிதர் வெறும் செல்லா? சர்வாதிகாரத்துக்கு இது தோதாகிவிடும் என்று புதைபடிவ ஆய்வாளர் சிம்ப்சன் அந்த ஆண்டே எச்சரித்தார்.

குழுவின் நன்மைக்காகவே குணங்கள் உருவாகின்றன என்ற அந்தக் குழுவின் வாதத்தை, 1966-ல் ஜார்ஜ் வில்லியம்ஸ் கிட்டத்தட்ட உடைத்தே விட்டார். 1955-லேயே இறந்துவிட்ட ஆலி அதைப் பார்க்கவில்லை.

ஆனால் மீன் தொட்டி தந்த பாடம் நிலைத்தது. எண்ணிக்கை ஓர் அளவுக்குக் கீழே போனால், இணை கிடைக்காமல், எதிரியைச் சமாளிக்க முடியாமல் மிச்சமிருப்பவையும் சரியும். இதற்குப் பெயர் ஆலி விளைவு. அருகிவரும் விலங்குகளைக் காப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். புற்றுநோய் செல்கள் குறைவாக இருக்கும்போது வளரத் தடுமாறுவதை ஆராய்பவர்களும் இப்போது இதே பெயரைத்தான் சொல்கிறார்கள்.