மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை

இராயபுரத்திலிருந்து கடற்கரை நிலையம் நோக்கிப் போகும்போது, துறைமுகத்துக்கு எதிரே மாவட்ட ஆட்சியர் அலுவலகமான சிங்காரவேலர் மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் இருந்த பழைய கட்டடத்தில்தான் 1892 வரை சென்னை உயர் நீதிமன்றம் நடந்தது. அங்கே ஆங்கிலத்தில் சொல்லப்பட்ட தீர்ப்பு, வழக்குப் போட்ட விவசாயிக்கோ மீனவருக்கோ எப்படிப் புரிந்திருக்கும்? இந்தக் கேள்வியை வாழ்நாள் முழுவதும் மனதில் சுமந்த ஒரு கீழ்க்கோர்ட்டு நீதிபதியை இங்கே நினைவுகூர்வோம்.

வேதநாயகம் பிள்ளை 1826 அக்டோபர் 11 அன்று திருச்சிக்கு அருகே குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளை, ஆரோக்கிய மரியம்மாள் தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராஜ பிள்ளையிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். திருச்சி நீதிமன்றத்தில் முதலில் ஆவணக் காப்பாளராகவும், பிறகு மொழிபெயர்ப்பாளராகவும் வேலை பார்த்தார். 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். அடுத்து சீர்காழி, அதன்பின் மாயவரம்.

முன்சீப் என்பது உரிமையியல் நீதித்துறையின் கீழ்ப்படி. கடன் பத்திரம், வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை என்று சாதாரண மக்களின் வழக்குகள் முதலில் வந்து சேரும் இடம் அதுதான். சாட்சிகளை நேருக்கு நேர் பார்ப்பவரும் அவர்தான். மேல் கோர்ட்டுக்குப் போக வசதியில்லாத ஏழைக்கு அவருடைய தீர்ப்பே கடைசித் தீர்ப்பு. அந்த நாற்காலியில் கை சுத்தமாக உட்கார்ந்திருந்தார் வேதநாயகம் பிள்ளை. 1859இல் வெளிவந்த அவருடைய நீதி நூலில் கைக்கூலி வாங்கும் அதிகாரிகளைக் கடுமையாகச் சாடியிருக்கிறார். உத்தியோகத்தில் இருந்துகொண்டே இப்படி எழுத எவ்வளவு துணிவு வேண்டும்!

ஆனால் அவர் செய்த பெரிய வேலை வேறு. மேல் கோர்ட்டான சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளைப் பார்த்துத்தான் கீழ்க்கோர்ட்டுகள் நடக்க வேண்டும். அவை ஆங்கிலத்தில் இருந்தன. கீழ்க்கோர்ட்டுகளைச் சார்ந்திருந்த பலருக்கோ அந்த மொழி தெரியாது. சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாமலே வழக்காடிய காலம் அது. 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளின் சாரத்தை வேதநாயகம் பிள்ளை தமிழில் பெயர்த்து, 1862இல் சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரில் அச்சிட்டார். சதர் நீதிமன்றமும் சுப்ரீம் கோர்ட்டும் இணைந்து சென்னை உயர் நீதிமன்றம் உருவானதும் அதே 1862இல்தான். அரை நூற்றாண்டுத் தீர்ப்புகளை, அன்றாட வழக்குகளைக் கேட்டுக்கொண்டே ஒருவர் மொழிபெயர்த்தார் என்பதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

1879இல் வெளியான பிரதாப முதலியார் சரித்திரம் தமிழின் முதல் நாவல் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்தக் கதையின் நடுவிலும் முன்சீப் எட்டிப்பார்க்கிறார். தமிழ் நாட்டுக் கோர்ட்டில், தமிழ்க் கட்சிக்காரர் முன்னால், வக்கீல்கள் ஆங்கிலத்தில் வாதாடுவதைக் கேலியும் கோபமுமாக விளாசுகிறார். இன்று கீழமை நீதிமன்றங்களில் தமிழுக்கு இடமுண்டு. உயர் நீதிமன்றத்திலும் தமிழ் வேண்டும் என்று சட்டமன்றம் 2006இல் தீர்மானம் போட்டும் அது இன்னும் கைகூடவில்லை.

தேவமாதாவுக்கு அந்தாதி பாடிய இந்தக் கத்தோலிக்கர், எல்லாச் சமயத்தாரும் பாடும்படி சர்வ சமய சமரசக் கீர்த்தனையும் எழுதினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருடைய நெருங்கிய நண்பர். அவர்மேல் குளத்துக் கோவை பாடியவர். பெண்கள் படிக்க வேண்டும் என்று எழுதியதோடு நில்லாமல், மாயவரத்தில் பெண்களுக்குப் பள்ளியும் தொடங்கினார்.

1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. பட்டினியால் மக்கள் செத்து விழுந்தனர். வேதநாயகம் பிள்ளை தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். அதைப் பார்த்த கோபாலகிருஷ்ண பாரதியார், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய அதே சிவபக்தர், இந்தக் கிறிஸ்தவ முன்சீப்பைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார்.

மாயவரத்து நகர்மன்றத் தலைவராகவும் இருந்த அவர், 1889 ஜூலை 21 அன்று மறைந்தார்.