சிஸ்டர் மெடலீவா

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கம்பர்லேண்ட் என்ற சிற்றூரில் 1887-ல் பிறந்தவர் மெடலீவா வுல்ஃப். தந்தை குதிரைச் சேணம் செய்பவர். பத்திரிகையில் விளம்பரம் பார்த்துத்தான் இண்டியானாவிலுள்ள செயின்ட் மேரிஸ் கல்லூரிக்குப் படிக்கப் போனார். 1908-ல் அங்கேயே திருச்சிலுவை சபையில் சேர்ந்தார். 1925-ல் பெர்க்லியில் முனைவர் பட்டம்.

படித்த கல்லூரிக்கே 1934-ல் தலைவரானார். 1961 வரை, 27 ஆண்டுகள்! (எங்கள் வங்கிக் கிளையில் மூன்று வருடத்துக்கு ஒரு மேலாளர்.) 1941-ல் கறுப்பின மாணவியைச் சேர்த்தபோது எதிர்ப்பு வந்தது. அவர் பின்வாங்கவில்லை.

எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. அந்நாளில் பள்ளிகளில் மறைக்கல்வி கற்பித்தவர்களில் பெரும்பாலோர் கன்னியர்கள். ஆனால் இறையியல் மேற்படிப்பு குருக்களுக்கும் குருமாணவர்களுக்கும் மட்டுமே. பெண்களையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுப் பார்த்தார், கதவு திறக்கவில்லை. சரி, நாமே நடத்துவோம் என்று 1943-ல் தம் கல்லூரியிலேயே தொடங்கிவிட்டார், முனைவர் பட்டம் வரைக்கும்.

இளம் கன்னியர்களைப் பட்டம் முடிக்கும் முன்பே வகுப்பறைக்கு அனுப்பிவிடுவார்கள். அவர்கள் கோடை விடுமுறைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து, பட்டம் வாங்குவதற்குள் பல வருடம் ஓடிவிடும். இது கூடாது, முதலில் படிப்பு, பிறகு வேலை என்று 1949-ல் கத்தோலிக்கக் கல்வியாளர் கூட்டத்தில் வாதாடினார். அடுத்த சில ஆண்டுகளில் அதற்கென ஓர் அமைப்பே உருவானது.

இத்தனைக்கும் நடுவே கவிதை எழுதினார், பல தொகுப்புகள். ஆக்ஸ்ஃபோர்டில் சி.எஸ். லூயிஸ் வகுப்புகளிலும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

1964-ல் பாஸ்டனில் காலமானார். 1985 முதல் அவர் பெயரில் அக்கல்லூரியில் நடக்கும் சொற்பொழிவுகளில் பேசுவோர் பெண் இறையியலாளர்கள்.