கொதிகலன் தொழிற்சாலையிலிருந்து எமது சமையலறை வரை

நூற்றாண்டு காணும் எமது கல்லூரி அன்னையின் பிள்ளைகளில் பொறியியலாளர்களும் இருக்கின்றனர் என்பதில் நாம் பெருமை கொள்கின்றோம். பெண்களுக்கு அந்தக் கதவைத் திறந்து வைக்க உழைத்தவர்களுள் ஒருவர் டேம் கரோலின் ஹஸ்லெட் அம்மையார். அவரது வாழ்க்கையை இம்மலரில் நினைவுகூர விரும்புகின்றோம்.

1895 ஆகஸ்ட் 17ஆம் திகதி இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் வேர்த் என்னும் கிராமத்தில் அவர் பிறந்தார். தந்தையார் புகையிரத சமிக்ஞைகளைப் பொருத்தும் தொழிலாளி. கூட்டுறவு இயக்கத்தில் ஈடுபாடு உடையவர். பாடசாலையில் தையல் பாடம் கரோலினுக்குக் கைவரவில்லை. தந்தையின் ஆயுதங்களோ அவருக்கு மிகவும் பிடித்திருந்தன.

1914இல் கொக்ரன் கொதிகலன் கம்பனியின் இலண்டன் அலுவலகத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். அவ்வாண்டே முதலாம் உலக யுத்தம் மூண்டது. காகிதத்தில் மட்டும் கண்ட கொதிகலன்கள் எவ்வாறு உருவாகின்றன என்று அறிய விரும்பிய அவர், தொழிற்சாலைக்கு மாற்றம் கேட்டார். ஸ்கொட்லாந்தின் அனான் நகரிலிருந்த தொழிற்சாலையில் பயிற்சி பெற்றார்.

அந்நாட்களில் ஆண்கள் போர்முனைக்குச் செல்ல, பெண்கள் ஆயிரக்கணக்கில் தொழிற்சாலைகளுக்குள் வந்தனர். கடைசல் இயந்திரங்களில் நின்று ஷெல்களையும் விமானப் பாகங்களையும் செய்தனர். ஆனால் யுத்தம் முடிந்ததும் பழைய நடைமுறை திரும்பும் என்று 1915லேயே அரசும் தொழிற்சங்கங்களும் உடன்பட்டிருந்தன. 1919இல் அதற்குச் சட்டமும் வந்தது. கைத்திறன் பெற்ற பெண்கள் வேலையிழந்து வீடு திரும்பினர். நாட்டுக்குத் தேவைப்பட்டபோது வாழ்த்திய உலகம், தேவை தீர்ந்ததும் வாசலைக் காட்டியது.

இதனை ஏற்காத ஏழு பெண்மணிகள் 1919 ஜூன் 23ஆம் திகதி பெண்கள் பொறியியல் சங்கத்தை நிறுவினர். கதரின் பார்சன்ஸ் சீமாட்டியும் மகள் ரேச்சலும் அவர்களுள் முக்கியமானவர்கள். சங்கத்தின் முதற் செயலாளர் கரோலின். அப்போது அவருக்கு வயது 23 மட்டுமே! சங்கத்தின் சஞ்சிகைக்கும் அவரே ஆசிரியர். பயிற்சி கேட்டும் வேலை கேட்டும் வந்த பெண்களுக்காக அவர் ஓயாது உழைத்தார்.

வீட்டுப் பெண்களையும் அவர் மறக்கவில்லை. நிலக்கரி அடுப்பு, துணி துவைத்தல், தண்ணீர் சுட வைத்தல் என்று நாள் முழுவதும் முறிந்த முதுகுகளுக்கு மின்சாரம் ஓய்வு தரும் என்று நம்பினார். 1924இல் உருவான பெண்கள் மின்சாரச் சங்கத்தை வழிநடத்தி, பியூஸ் மாற்றுவது முதல் மீற்றர் வாசிப்பது வரை பெண்கள் தாமே அறிந்துகொள்ள வழி செய்தார்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தபோது அரசு மீண்டும் பெண்களைத் தொழிற்சாலைகளுக்கு அழைத்தது. இம்முறை பெண்களைப் பயிற்றுவிப்பது பற்றித் தொழில் அமைச்சு ஆலோசனை கேட்டவர்களுள் கரோலினும் ஒருவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்த அனுபவம் அப்போது பயன்பட்டது.

யுத்தத்திற்குப் பிந்திய வீடுகளின் மின்னிணைப்பை ஆராய அமைத்த இருபது பேர் கொண்ட குழுவில் அவர் ஒருவரே பெண். சிறு பிள்ளைகளின் பாதுகாப்பை அவர் அங்கே வலியுறுத்தினார். அக்குழுவின் பணியிலிருந்து 1947இல் பிறந்ததே 13 அம்பியர் பிளக். பிள்ளை விரலோ கம்பியோ நுழையாதபடி அதன் துளைகளை மூடி வைக்கும் சிறு தட்டு இன்றும் எம் வீடுகளில் காவல் நிற்கின்றது. இலண்டனில் வாழும் எம் சகோதரிகளும் கொழும்பில் வாழ்வோரும் கேத்திலைச் செருகும்போது அவரது அக்கறையைத் தொட்டுச் செல்கின்றோம்.

அதே ஆண்டில் டேம் பட்டமும், பிரித்தானிய மின்சார அதிகாரசபையில் அங்கத்துவமும் அவரை வந்தடைந்தன. 1957 ஜனவரி 4ஆம் திகதி அவர் காலமானார். தமது உடலை மின்சாரத்தால் தகனம் செய்யுமாறு எழுதி வைத்திருந்தார்.

யுத்தம் திறந்த கதவு யுத்தத்தோடு மூடிவிடும். அது மூடாதபடி காலை வைத்துத் தடுத்தவர் கரோலின். தங்கைகளே, எமக்குத் திறந்த கதவுகளைப் பின்னால் வருபவர்களுக்காகத் திறந்தே வைப்போம்.